லாபம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு

அனைவருக்கும் வணக்கம்.

புதுத் தொழில்நுட்பம் வேலையைப் பறிக்குமா, கொடுக்குமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவது நமக்குப் பழகிப்போன விஷயம். இரண்டும் நடக்கிறது என்பதுதான் உண்மை. ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு நடப்பதில்லை, ஒரே காலத்திலும் நடப்பதில்லை. இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

முதலில் வளர்ச்சி. 1957-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ ஒரு கணக்குப் போட்டார். 1909 முதல் 1949 வரையிலான நாற்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் பலன் இரண்டு மடங்காகியிருந்தது. கூடுதல் இயந்திரங்களும் கட்டடங்களும் போட்டதால் வந்தது எவ்வளவு என்று பார்த்தால், எட்டில் ஒரு பங்குதான் தேறியது. மீதி ஏழு பங்கையும் அவர் தொழில்நுட்ப மாற்றத்தின் கணக்கில் எழுதினார். நல்ல படிப்பு, மேலான நிர்வாகம், புதிய முறைகள் எல்லாம் அந்த ஏழு பங்கில் அடக்கம். வெறுமனே முதலீட்டைக் கொட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நாடு நெடுங்காலம் வளர முடியாது என்பது அப்போது தெளிவானது.

சரி, கண்டுபிடிப்பு வந்த உடனே வளர்ச்சி வந்துவிடுமா? மின்சாரத்தின் கதையைப் பாருங்கள். எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் 1882-இல் இயங்கத் தொடங்கியது. அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் துள்ளி எழுந்ததோ 1920-களில். நடுவில் நாற்பது ஆண்டுகள் எங்கே போயின?

நீராவிக் காலத்து ஆலையில் ஒரே ஒரு பெரிய இயந்திரம் இருக்கும். அதிலிருந்து நீண்ட இரும்புத் தண்டுகள் ஓடும், தண்டிலிருந்து தோல்பட்டைகள் இறங்கி ஒவ்வொரு எந்திரத்தையும் சுழற்றும். தண்டின் நீளத்தைக் குறைக்கவே ஆலைகளை மாடி மேல் மாடியாகக் கட்டினார்கள். மின்சாரம் வந்ததும் முதலாளிகள் பலர் நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டும் பட்டையும் அப்படியே இருந்தன. கொஞ்சம் எரிபொருள் மிச்சம், அவ்வளவுதான். எந்திரத்துக்கு ஒரு சிறு மோட்டார் என்று பொருத்தி, ஆலையை ஒரே தளத்தில் விரித்து, வேலை நகரும் வரிசைப்படி எந்திரங்களை நிறுத்தியபோதுதான் உண்மையான பலன் கிடைத்தது. அதற்குப் பழைய கட்டடங்கள் போக வேண்டியிருந்தது. பழைய பழக்கங்களும் போக வேண்டியிருந்தது. கணினி எல்லா இடத்திலும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணவில்லை என்று அதே சோலோ 1987-இல் சொன்னபோது, பொருளாதார வரலாற்றாளர் பால் டேவிட் இந்த மின்சாரக் கதையைத்தான் எடுத்துக்காட்டினார்.

இனி வேலைக்கு வருவோம். பிரிட்டனில் நூற்பாலைகளும் விசைத்தறியும் வந்த காலத்தைப் பொருளாதார வரலாற்றாளர் ராபர்ட் ஆலன் அளந்து பார்த்திருக்கிறார். 1780-க்கும் 1840-க்கும் இடையே ஒரு தொழிலாளியின் உற்பத்தி 46 சதவீதம் கூடியது. விலைவாசியைக் கணக்கில் எடுத்த உண்மைக் கூலி 12 சதவீதமே கூடியது. அறுபது ஆண்டு! அதற்குள் ஒரு கைத்தறி நெசவாளி பிறந்து, தொழில் கற்று, கூலி சரிவதைப் பார்த்து, இறந்தே போயிருப்பார். கூலி பின்னால் ஏறியது உண்மைதான். ஏறியபோது அவர் இல்லை. நெடுங்காலத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நெசவாளியின் நினைவு வருகிறது.

இன்னும் துல்லியமான சான்று தொலைபேசியில் இருக்கிறது. 1920-களில் அமெரிக்க இளம்பெண்கள் அதிகம் பார்த்த வேலைகளில் ஒன்று, தொலைபேசி இணைப்பகத்தில் அழைப்புகளை இணைத்துக் கொடுப்பது. தானியங்கி இணைப்பகங்கள் நகரம் நகரமாக வந்தன. அந்த வேலை கரைந்தது. ஆய்வாளர்கள் பிற்பாடு கணக்கெடுப்புப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அடுத்து வேலைக்கு வந்த தலைமுறைப் பெண்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. தட்டச்சு, அலுவலகம், உணவகம் என்று வேறு வேலைகள் கிடைத்தன. ஆனால் ஏற்கெனவே அந்த நாற்காலியில் இருந்தவர்களில் பலர் பத்து ஆண்டு கழித்து வேலையில் இல்லை, இருந்தவர்களில் பலர் குறைந்த சம்பள வேலைக்கு இறங்கியிருந்தார்கள். மொத்தக் கணக்கில் எந்தச் சேதமும் தெரியாது. ஒவ்வொரு பெண்ணாக எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எல்லா இயந்திரமும் வளர்ச்சியைத் தருவதும் இல்லை. கடையில் வாடிக்கையாளரே பொருளை ஸ்கேன் செய்து பணம் கட்டும் இயந்திரத்தை எண்ணிப் பாருங்கள். காசாளரின் வேலை போனது. அந்த வேலையை இப்போது நாம் கூலி இல்லாமல் செய்கிறோம். உற்பத்தித்திறன் பெரிதாக ஏறவில்லை, ஆள் மட்டும் குறைந்தார். இந்த வகையைத்தான் பொருளாதார அறிஞர்கள் அசெமோக்லுவும் ரெஸ்ட்ரெப்போவும் சுமாரான தானியக்கம் என்கிறார்கள். பெரிய பலன் தரும் இயந்திரத்தைவிட எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது. பெரிய பலன் வந்தால் விலை குறையும், தேவை கூடும், வேறு எங்காவது வேலை முளைக்கும். இதில் அப்படி முளைப்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அப்புறம், மாற்றத்தின் சுமையை யார் சுமப்பது என்று முன்கூட்டியே பேசி முடித்த இடங்களும் உண்டு. 1956-இல் 58 சரக்குப் பெட்டகங்களோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஒரு கப்பல் போனது. கன்டெய்னர் யுகம் அங்கே தொடங்கியது. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிய துறைமுகத் தொழிலாளிக்கு இனி என்ன வேலை? அமெரிக்காவின் பசிபிக் கரைத் துறைமுகத் தொழிற்சங்கம் 1960-இல் ஓர் ஒப்பந்தம் போட்டது. இயந்திரங்கள் வரட்டும், நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் அதில் மிஞ்சும் பணத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும். ஐந்தரை ஆண்டுக்கு 2.9 கோடி டாலர் நிதி. வேலை குறைந்தாலும் வாரக் கூலிக்கு உத்தரவாதம், முன்னதாக ஓய்வு பெறுகிறவருக்குத் தொகை. துறைமுகங்கள் மாறின, முழு உறுப்பினர்கள் தெருவுக்கு வரவில்லை.

குறை இல்லாத ஒப்பந்தம் என்று சொல்ல மாட்டேன். முழு உறுப்பினர் ஆகாமல் இரண்டாம் நிலைப் பதிவில் இருந்த தொழிலாளர்களுக்கு அந்த நிதியில் பங்கு இல்லை. இன்று செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்ப்பாளரின் மேசைக்கும், வாடிக்கையாளர் சேவை மையத்துக்கும், புதிதாக நிரல் எழுதக் கற்ற இளைஞரின் முதல் வேலைக்கும் வந்துவிட்டது. இவர்களில் பெரும்பாலோருக்குச் சங்கம் கிடையாது. பலர் ஒப்பந்தக் கூலியில் இருக்கிறார்கள். அந்த இரண்டாம் நிலைத் தொழிலாளர்களின் இடத்தில்தான் இவர்கள் நிற்கிறார்கள். இவர்கள் சார்பாக நிறுவனங்களோடு யார் பேசப்போகிறார்கள், எப்போது? இதை இப்போதே, இந்த அரங்கிலேயே பேசத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.