சந்தேகங்களுக்கு விளக்கம்: ஓட்டிசம் பர்ன் அவுட்டுக்குப் பிறகு எப்போது வேலைக்குப் போகலாம்?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன். நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சுருக்கமாக வாசிக்கிறேன்.

"அண்ணா, எனக்கு 27 வயது. ஹட்டன் டவுனில் ஒரு ஒபிஸில், கவுண்டரில் வேலை. எனக்கு ஓட்டிசம் என்று போன வருஷம்தான் டொக்டர் சொன்னார். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் எழும்ப முடியவில்லை. பேச்சு வரவில்லை, லைட் வெளிச்சம்கூடத் தாங்கவில்லை. அன்றிலிருந்து சம்பளம் இல்லாத லீவில் வீட்டில் இருக்கிறேன். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. எப்போது வருகிறாய் என்று மெனேஜர் கோல் எடுக்கிறார், நான் பேசுவதில்லை. 'எழும்பி நடக்கிறாய்தானே, போயேன்' என்று அம்மா சொல்கிறார். போகலாமா?"

தங்கச்சி, போகலாம். ஆனால் நீங்கள் விட்டு வந்த அதே கவுண்டருக்கு, அதே நேரத்துக்கு, அதே மாதிரி மட்டும் போக வேண்டாம். அது ஏன் என்று சொல்கிறேன்.

உங்களுக்கு நடந்ததற்கு ஓட்டிசம் பர்ன் அவுட் என்று பெயர். 2020இல் அமெரிக்காவில் டோரா ரேமேக்கர் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓட்டிசம் உள்ள பெரியவர்களிடமே கேட்டு எழுதியது. அவர்கள் மூன்று விஷயங்களைச் சொன்னார்கள். பெரும்பாலும் மூன்று மாதமோ அதற்கு மேலோ நீளுகிற களைப்பு. முன்பு செய்ய முடிந்ததைச் செய்ய முடியாமல் போவது. சத்தம், வெளிச்சம், ஆட்கள் எதையும் தாங்க முடியாமல் போவது. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன.

இப்போது எங்கள் இலங்கைச் சட்டத்தைப் பாருங்கள். கடை, ஒபிஸ் ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டு 19ஆம் இலக்கச் சட்டப்படி வருஷத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய (கெஷுவல்) லீவு. சுகமில்லாமல் போனாலும் அந்த 7 நாளுக்குள்தான். இரண்டையும் கூட்டினால் 21 நாள். மாதக்கணக்கில் இருக்கிற ஒன்றை 21 நாளுக்குள் முடிக்கச் சொன்னால் யாரால் முடியும்? நீங்கள் சோம்பேறி இல்லை தங்கச்சி. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான் இருக்கிறது.

என் கதையையும் சொல்ல வேண்டும். நான் கண்டியில் வேலை செய்தபோது இதே மாதிரி விழுந்தேன். ஆறு கிழமை வீட்டில் இருந்தேன். சாப்பிட முடிந்தது, நடக்க முடிந்தது, சரி என்று போய்விட்டேன். அதே கதிரை, அதே டெலிபோன். நாலாவது கிழமை மறுபடி விழுந்தேன். அந்த முறை சிங்களம் போய்விட்டது. நான் நன்றாகச் சிங்களம் பேசுகிறவன், ஆனால் எதிரில் இருப்பவர் கேட்பது காதில் விழும், பதில் வாய்க்கு வராது. பிறகு ஆங்கிலமும் அப்படியே. தமிழ் மட்டும் மிஞ்சியது, அதுவும் வீட்டுக்குள் மட்டும். முதல் முறை சீக்கிரம் போய் மிச்சம் பிடிக்கப் பார்த்த காலத்தைப் போல மூன்று மடங்கு காலம் இரண்டாவது முறை போனது.

அதிலிருந்து ஒன்று விளங்கியது. எங்களைக் களைக்க வைப்பது வேலை மட்டும் இல்லை. மெனேஜரிடம் சிங்களம், ஃபோர்மில் ஆங்கிலம், கவுண்டருக்கு வருகிற அக்காவிடம் தமிழ். மூன்றிலும் சிரித்த முகம், மூன்றிலும் கண்ணைப் பார்த்துப் பேசுவது. ஓட்டிசம் உள்ளவர்கள் சாதாரண ஆள் மாதிரித் தெரிய எடுக்கிற அந்த முயற்சிதான் பெரிய செலவு. வீட்டுக்கு வந்தால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் டீவி, இந்தப் பக்கம் பாட்டுப் பெட்டி. காதுக்கு ஓய்வே இல்லை. ஆகவே எத்தனை மணி நேரம் வேலை என்று எண்ணாதீர்கள். எத்தனை மணி நேரம் நடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

போவதற்கு முன்னால் வீட்டிலிருந்தே ஒரு கிழமை ஒத்திகை பாருங்கள். வேலை நாள் மாதிரி எழும்பி, குளித்து, உடுத்தி, அந்த நேரத்து பஸ்ஸிலேயே ஹட்டனுக்குப் போய், ஒபிஸுக்குள் போகாமல் திரும்பி வாருங்கள். பஸ்ஸில் பாட்டு எவ்வளவு சத்தம் என்று உங்களுக்கே தெரியும். திரும்பி வந்து அன்று மாலை எப்படி இருக்கிறீர்கள் என்று பாருங்கள். சமைக்க முடிகிறதா, அம்மாவோடு நாலு வார்த்தை பேச முடிகிறதா, மறுநாள் எழும்ப முடிகிறதா? பஸ் பயணமே உங்களைக் கவிழ்த்தால் இன்னும் நேரம் வரவில்லை.

அப்புறம் இன்னொன்று. சிவனொளிபாதமலை சீசன் டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும். மலை ஏறுகிற இடமான நல்லதண்ணிக்கு ஹட்டனிலிருந்து போகிற வாகனங்கள் டிக்கோயா, நோர்வூட் வழியாகப் போகின்றன. உங்கள் ரோடு அது. முடிந்தால் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் முதல் நாளை வைக்காதீர்கள்.

ஒபிஸில் என்ன கேட்பது? ஓட்டிசம் என்ற வார்த்தையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. எங்கள் பக்கத்தில் ஓட்டிசம் என்றால் பேச்சு வராத சின்னப் பிள்ளை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நம்பிக்கையான மெனேஜர் என்றால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தேவையை மட்டும் சொல்லுங்கள். முதல் இரண்டு மாதம் கிழமைக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கவுண்டருக்குப் பதிலாக உள்ளே ஃபைல் வேலை. சொல்வதை வாயால் சொல்லாமல் எழுதித் தருவது. சுவரோரமாக ஒரு மேசை. எல்லாமே கேட்கக்கூடிய விஷயங்கள்தான், செலவும் பெரிதாக இல்லை. கடிதமாகக் கொடுத்து ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கிடைக்காது. ஆனால் கவுண்டர் விஷயத்தில் மட்டும் இறங்கிப் போகாதீர்கள், உங்களை விழுத்தியது அதுதான்.

டொக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓட்டிசம் பர்ன் அவுட் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தனியாக இல்லை. அதனால் மெடிக்கல் சேட்டிபிகெட்டில் மனச்சோர்வு (டிப்ரெஷன்) என்று எழுதியிருக்கலாம். அதுவும் கூடவே இருக்கலாம், ஆகவே மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் மனச்சோர்வில் பொதுவாக எதிலும் ஆசை போய்விடும். பர்ன் அவுட்டில் பலருக்கு ஆசை இருக்கும், செய்யத் தெம்புதான் இருக்காது. உங்களுக்கு எது என்பதை இந்த வார்த்தைகளிலேயே டொக்டரிடம் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காமல் 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம்.

அம்மாவுக்கு எப்படி விளங்க வைப்பது? அவர் கொழுந்து எடுக்கிறவர் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள். கவ்வாத்து வெட்டின, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்த மலைக்கு அடுத்த கிழமை கூடையைத் தூக்கிக்கொண்டு போவார்களா? துளிர் தெரிந்ததும் பறித்துவிடுவார்களா? மாதக்கணக்கில் விடுவார்கள். ஏன் என்று அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குடும்பத்தில் முதல் ஒபிஸ் வேலை உங்களுடையதாக இருந்தால் அவருடைய பயமும் நியாயம்தான். அதற்காக அவரோடு சண்டை பிடிக்காதீர்கள்.

மெனேஜரின் கோலை எடுக்காததற்கும் உங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். பேச்சு வராவிட்டால் எழுதுங்கள். இன்றைக்கே இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்: "சேர், எனக்கு இன்னும் பேசச் சிரமமாக இருக்கிறது. வேலைக்கு வர விருப்பம். எந்த ஏற்பாட்டோடு வர முடியும் என்று இந்த மாதக் கடைசிக்குள் கடிதம் தருகிறேன். அதுவரை மெசேஜில் மட்டும் தொடர்பு கொள்ளுங்கள்." சிங்களத்தில் அனுப்ப வேண்டுமென்றால் தெரிந்த யாரிடமாவது எழுதி வாங்குங்கள், அதற்கும் உங்கள் தெம்பைச் செலவழிக்க வேண்டாம். அனுப்பிவிட்டுப் போனைச் சைலன்ட்டில் போட்டுப் படுங்கள்.