இரும்புக்கு முன் ஏடு

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானிய வாள் என்றவுடன் நம் மனக்கண்ணில் எழுவது நீண்டு வளைந்த அதன் அலகுதான். நான் இன்று பேச வந்திருப்பது அந்த அலகைப் பற்றியன்று. அதன் மீது பூட்டப்படும் சிறு உலோக உறுப்புகளையும், அவற்றைப் பற்றி எழுதப்பட்ட நூல்களையும் சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் எவ்வாறு வாங்கி விற்கிறார்கள் என்பதைப் பற்றியே பேசவிருக்கிறேன். வேலை நிமித்தமாக ஒசாகாவில் ஐந்து ஆண்டுகள் தங்கியிருந்த காலத்தில் என்னைத் தொற்றிக்கொண்ட ஆர்வம் இது. வீட்டாரைக் கேட்டால் ஆர்வம் என்று சொல்ல மாட்டார்கள். அதற்கு அவர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்கள்.

வானொலியில் படம் காட்ட இயலாது என்பதால் முதலில் பொருளைச் சொல்லால் வரைந்துவிடுகிறேன். வாளின் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே, பிடித்த கை வழுக்கி அலகின் மேல் போய்விடாமல் தடுக்க ஒரு தட்டு உண்டு. ஓர் உளுந்து வடையைத் தட்டையாக்கி, நடுத் துளையை வட்டமாக இல்லாமல் ஆப்பு வடிவில் வெட்டினால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். குறுக்களவு பெரும்பாலும் ஏழு, எட்டு சென்டிமீட்டர்தான். சுனாமி என்று நாம் எழுதும் முறைப்படி எழுதினால் அதன் பெயர் சுபா. நம் ஊரில் அது பெண்பெயராக ஒலிப்பது தற்செயல். கைப்பிடியின் நாடாச் சுற்றுக்கு அடியில் செருகப்படும் இணைச் சிற்பங்கள் மெனுக்கி. கைப்பிடியின் இரு முனைகளையும் மூடும் வளையமும் குமிழும் ஃபுச்சி, காஷிரா. உறையின் பக்கத்தில் செருகும் சிறு கத்தியின் பிடி கோஸுகா. இரும்பு, செம்பு, பொன், வெள்ளி ஆகியவற்றோடு ஜப்பானியருக்கே உரிய இரண்டு கலப்பு உலோகங்களும் இவற்றில் வரும். செம்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு பொன் கலந்து, தாமிர உப்புக் கரைசலில் கொதிக்க வைத்து, காக்கைச் சிறகைப் போன்ற நீலங்கலந்த கருமையை வரவழைப்பது ஷகுதோ. செம்போடு வெள்ளி கலந்து சாம்பல் நிறம் பெறுவது ஷிபுஇச்சி. அச்சொல்லுக்கு நாலில் ஒரு பங்கு என்று பொருள்.

இந்த உறுப்புகள் வாளை விட்டுப் பிரிந்து தனிச் சரக்கானதற்கு ஒரு நாளைச் சுட்டிச் சொல்லலாம். 1876 மார்ச் 28 அன்று மெய்ஜி அரசு, படையினரும் காவலர்களும் சடங்கு உடையிலுள்ள அதிகாரிகளும் தவிர வேறு எவரும் பொது இடத்தில் வாள் தரிக்கலாகாது என்று ஆணை பிறப்பித்தது. சாமுராய்க் குடும்பங்கள் வாள்களைக் கழற்றி விற்றன. அணிகலன் செய்த கம்மியர்கள் வேலையிழந்தார்கள். அவர்களுள் பெரியவரான கானோ நத்சுவோ ஏற்கெனவே புதிய அரசின் நாணயங்களுக்கு வடிவம் அமைத்துக் கொடுத்திருந்ததால் தப்பித்தார். பிறர் பூச்சாடிகளும் சிமிழ்களும் செய்து யோகோஹாமாத் துறைமுகம் வழியாக ஏற்றுமதிக்கு அனுப்பினார்கள். அங்கே வந்திறங்கும் வெளிநாட்டாருக்காகவே, எந்த வாளிலும் ஏறியிராத பகட்டான சுபாக்களும் செய்யப்பட்டன. சேகரிப்பாளர்கள் அவற்றைச் சற்று இளக்காரமாக ஹமாமோனோ, அதாவது ஹாமாச் சரக்கு என்பார்கள். அந்த இளக்காரம் முழுக்க நியாயமானது என்று நான் கருதவில்லை. அவற்றுள் சிலவற்றின் உளி வேலை அருமையானது.

இவ்வாறு புறப்பட்ட பொருள்கள் பாரிசுக்கும் லண்டனுக்கும் ஹாம்பர்குக்கும் போய்ச் சேர்ந்தன. பாரிசில் கடை வைத்திருந்த ஹயாஷி ததமாசா தம் சுபாக்களை லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஹாரா ஷின்கிச்சி, அணிகலன் செய்த கலைஞர்களின் பெயர்களைத் திரட்டி 1902-இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூலாக வெளியிட்டார். பிரான்சில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஆன்றி ஜோலி, செல்வர்களின் தொகுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிட்டு, அளந்து, படம்பிடித்து விவர அட்டவணைகள் வெளியிட்டார். ஹாக்ஷா தொகுப்பின் அட்டவணை 1910-இலும், நாண்டன் தொகுப்பின் அட்டவணை 1912-இலும் வந்தன. நூறாண்டு கழித்து ஒரு சுபா விற்பனைக்கு வரும்போது, அது நாண்டன் அட்டவணையில் இன்ன எண்ணாக இடம்பெற்றது என்று விற்பவர் காட்ட முடிந்தால் விலை ஏறிவிடுகிறது. சுபாவின் இரும்பு அன்றிருந்த அதே இரும்புதான். ஆனால் 1912-இலேயே அதைப் பார்த்த ஒரு சாட்சி இப்போது அதற்கு இருக்கிறது.

என் பேச்சின் சாரம் இதுதான்: இந்த வணிகத்தில் நூல் வேறு, பொருள் வேறு என்று பிரிக்க முடியாது. கை மாறுவது உலோகம். விலை பேசப்படுவதோ பெரும்பாலும் அதைப் பற்றிய சாட்சியத்துக்கு. டுசெல்டார்ஃப் நகரத்து ஓவியர் கியோர்க் ஓடரின் பெரிய தொகுப்புக்கு முதல் உலகப் போர்க் காலத்தில் ஓர் அட்டவணை வெளிவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்தொகுப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. நூல் மட்டும் எஞ்சியது. அதிலிருந்த பொருளொன்று எங்கேனும் வெளிப்பட்டால், அதை அடையாளம் காண உதவுவது அந்நூலின் படப் பக்கங்கள்தாம்.

எனவே சேகரிப்பில் முதிர்ந்தவர்கள் புதியவருக்குச் சொல்லும் முதல் அறிவுரை, சுபா வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் நூல் வாங்கு என்பதாகும். நானும் அதைக் கேட்டேன்; எல்லாரையும் போலவே முதலில் சுபாவைத்தான் வாங்கினேன்.

நூல் வாங்குவதற்குத் தோக்கியோவின் கண்டா ஜிம்போச்சோவுக்குப் போக வேண்டும். பழைய நூல் கடைகள் நூற்றுக்கு மேல் வரிசையாக உள்ள வட்டாரம் அது. வாள் நூல்கள் பெரும்பாலும் கனமானவை. பளபளப்பான தாளில் படங்களை அச்சிட்டு, துணி அட்டை கட்டி, அதைப் பெட்டி போன்ற உறையில் செருகியிருப்பார்கள். ஒன்று மூன்று கிலோ இருப்பது வியப்பில்லை. நூலின் விலையைவிட விமான அஞ்சல் கட்டணம் கூடிவிடும் என்பதால், கப்பல் அஞ்சலில் போட்டுவிட்டு இரண்டு மூன்று மாதம் பொறுத்திருப்பதே வழக்கம். வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. பல நூல்களோடு ஒரு மெல்லிய இணைப்பேடு தனியாகச் செருகப்பட்டிருக்கும். பெயர் அகராதியோ பிழைதிருத்தமோ அதில்தான் இருக்கும். முதலில் தொலைவதும் அதுதான். இராமபாணப் பூச்சி தமிழ்நாட்டு ஏடுகளோடு நின்றுவிடவில்லை. ஜப்பானிலும் உறையைத் துளைத்து உள்ளே போயிருக்கும். ஆனால் பக்க ஓரத்தில் முன்னாள் உரிமையாளர் பென்சிலால் எழுதிய குறிப்பைக் குறையென்று தள்ளிவிடக் கூடாது. ஏல அட்டவணையொன்றில் ஒவ்வொரு படத்தின் அருகிலும் விழுந்த விலையையும் வாங்கியவர் பெயரையும் அன்றே ஒருவர் எழுதி வைத்திருந்தால், தூய பிரதியைவிட அந்த அழுக்குப் பிரதிக்கே நான் கூடுதலாகக் கொடுப்பேன்.

ஏல அட்டவணைகளே ஆதார நூல்களாகிவிட்டதும் உண்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வாழ்ந்த வால்ட்டர் காம்ப்டன் என்பவரின் தொகுப்பு 1992-இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தால் மூன்று பகுதிகளாக ஏலம் விடப்பட்டது. அந்த மூன்று அட்டவணைகளையும் இன்று சேகரிப்பாளர்கள் சேர்த்து வாங்குகிறார்கள். ராபர்ட் ஹேன்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2001-இல் மூன்று பாகங்களாக வெளியிட்ட கலைஞர் பெயரடைவில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் தரப்பட்டுள்ளது. பொருளை விற்பவர்கள் கலைஞரின் பெயரோடு அந்த எண்ணையும் சேர்த்தே குறிப்பிடுகிறார்கள்.

நூலுக்கு அடுத்த சாட்சி, சான்றிதழ். முற்காலத்தில் ஹோன்அமி குடும்பத்தார் வாள்களைச் சோதித்து, செய்தவர் யாரென்பதையும் பொற்காசில் மதிப்பு எவ்வளவு என்பதையும் மடித்த தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரிகாமி என்று பெயர் பெற்றது அந்தத் தாள். இன்றும் ஜப்பானியர் ஒருவரை நம்பத்தக்கவர் என்று சொல்ல, ஒரிகாமி உடையவர் என்கிறார்கள். அணிகலன்களுக்குக் கோதோ குடும்பத்தார் இதே வேலையைச் செய்தார்கள்; பிற்காலத் தலைமுறையினர் தம் முன்னோரின் கையொப்பமில்லாத வேலையில், இது இன்னாருடையது என்று தாமே உளியால் பொறித்தும் வைத்தார்கள். இன்று அந்த இடத்தில் இருப்பது 1948-இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம். தோக்கியோவில் ரியோகோகு பகுதியிலுள்ள வாள் அருங்காட்சியகம் அச்சங்கத்துடையது. பாதுகாக்கத்தக்கது, சிறப்பாகப் பாதுகாக்கத்தக்கது, முக்கியமானது, மிக முக்கியமானது என நான்கு படிகளில் அது சான்று தருகிறது. 1980-களின் தொடக்கத்துக்கு முன் வழங்கப்பட்ட பழைய வகைச் சான்றுகளைக் கண்டால் அனுபவமுள்ளவர்கள் மகிழ்வதற்குப் பதில் மறுபடி சோதிக்கச் சொல்வார்கள்.

ஜப்பானில் பதினைந்து சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வாள் அலகு ஒவ்வொன்றுக்கும் பதிவு அட்டை வேண்டும். வாங்கியவர் இருபது நாளுக்குள் மாகாணக் கல்விக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். நாட்டை விட்டு வெளியே அனுப்பத் தனி அனுமதி பெற வேண்டும். சுபாவுக்கு அந்தப் பதிவுத் தொல்லை இல்லை. நூறு கிராம் அளவே உள்ள பொருள் என்பதால் சிறு பொதியாகக் கடல் கடந்துவிடுகிறது. அலகு வாங்க வசதியோ இடமோ இல்லாதவர்கள் அணிகலன் பக்கம் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எளிதில் அனுப்ப முடிகிற பொருளில் போலியும் எளிதில் புகும். நொபுஇஏ, கானேஇஏ என்னும் பழம்பெரும் கம்மியர்களின் பெயர் பொறித்த சுபாக்கள் சந்தையில் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை அவர்கள் செய்தவையல்ல. அடித்துச் செய்யாமல் அச்சில் வார்த்த இரும்புத் தட்டுகளும் உண்டு. அவற்றில் துளைகளின் உட்சுவரைப் பார்க்க வேண்டும்: அரத்தின் தடம் இல்லாமல், மெல்லிய ஒட்டுக் கோடும் ஊசிமுனைக் குழிகளும் தென்பட்டால் ஐயம் கொள்ளலாம். சரட்டில் தொங்கவிட்டுத் தட்டினால் அடித்த இரும்பு மணிபோல் ஒலிக்கும் என்பார்கள். நான் அதை நம்பி முடிவெடுப்பதில்லை. நடுத் துளையின் மேலும் கீழும் செம்புத் துண்டுகள் செருகியிருப்பது, அது ஏதோ ஒரு வாளில் ஏறியிருந்ததைக் காட்டும். விற்பவரிடம் முன்புறம், பின்புறம், விளிம்பு ஆகிய மூன்றுக்கும் படம் கேட்பதும், எடையும் பருமனும் கேட்பதும் அவமரியாதையாகாது. துருவை நீக்கி மினுக்கிய இரும்பைக் கண்டால் விலகிவிடுவது நல்லது. முந்நூறு ஆண்டுகளில் படிந்த கருமையை ஒரு பிற்பகலில் தேய்த்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

சேகரிப்பாளர்களிடையே எழுதாத சில வழக்கங்களும் உண்டு. பொருளை நேரில் காட்டும்போது, கீழே துணி விரித்து, விளிம்பை மட்டும் பிடித்துப் பார்க்க வேண்டும். அஞ்சலில் பெற்றவருக்குச் சில நாள் பார்வைக் காலம் தரப்படும். பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்பலாம், போகவர அஞ்சல் செலவு வாங்கியவருடையது. எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால், பிறகு அதிக விலையோடு இன்னொருவர் வந்தாலும் முதலாமவருக்கே பொருள். இதை மீறியவரின் பெயர் வெகு விரைவில் பரவிவிடும், ஏனெனில் இந்த வட்டம் சிறியது.

என் முதல் சுபாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பவுலோனியா மரத்தில் செய்த பெட்டியோடு அதை ஒரு கடையில் வாங்கினேன். பெட்டி மூடியின் உட்புறத்தில், இரும்பில் வெட்டிய நாரை வடிவம், ஓவாரி நாட்டு வேலை என்று பெயர்பெற்ற அறிஞர் ஒருவர் தூரிகையால் எழுதி முத்திரையிட்டிருந்தார். உள்ளே இருந்ததும் நாரைதான். ஓராண்டு கழித்து ஓவாரி வேலைகளைப் பற்றிய நூலொன்றை வாங்கி விரித்தபோது எனக்குச் சங்கடம் தொடங்கியது. ஓவாரி இரும்பு தடித்தது. விளிம்பில் எலும்பு முடிச்சுகள் போன்ற புடைப்புகள் தெரியும். என்னுடையதோ கியோத்தோ பாணியில் மெலிந்து நெளிந்த கோடுகள் உடையது. பிறகுதான் பெட்டியை ஒழுங்காகப் பார்த்தேன். உள்ளே மெத்தையில் பட்டுத் துணியால் அமைத்த வட்டப் பள்ளத்தில் சுபா இறுகப் பொருந்தாமல் சுற்றிலும் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. எழுத்து உண்மை, பெட்டி உண்மை, சுபாவும் ஒருவகையில் உண்மை. ஒன்றுக்கொன்று உறவு மட்டும் இல்லை. யாரோ ஒருவர் நாரைக்கு நாரையை மாற்றி வைத்திருக்கிறார்.

அந்தச் சுபாவைப் பெட்டியில்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்லி, கொடுத்த விலையில் பாதிக்கு விற்றுவிட்டேன். பெட்டியை மட்டும் கேட்டு இதுவரை மூவர் வந்தார்கள். கேட்டவர் ஒவ்வொருவரிடமும் ஒரு நாரைச் சுபா இருந்தது. ஒருவருடையதும் பள்ளத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை. பெட்டி வெறுமையாக என் நூல் அலமாரியில், ஜோலியின் அட்டவணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.