வேர்ப் பாதைக்கு முதலில் வாங்க வேண்டியது காற்றுமானிதான்

வணக்கம் நண்பர்களே. சென்ற காணொளியில் ஒவ்வொரு முறையும் நான் காலை ஊன்றி நின்ற அந்த ஆலமர வளைவை, இன்று காலை சைக்கிளில் மேலிருந்து கீழ்வரை கால் ஊன்றாமலே கடந்துவிட்டேன். ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதைகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான் என்பது தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போக, மிச்சமிருந்ததை ஆட்களின் கால்களும் சக்கரங்களும் தேய்த்துவிட, இப்போது பாதையின் குறுக்கே மணிக்கட்டுப் பருமனில் வேர்கள் எழும்பி நிற்கின்றன.

இந்த வெற்றிக்குக் காரணம் 480 ரூபாய்க்கு நான் வாங்கிய, டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு காற்றுமானி. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசப்போகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது. சர்வீசுக்கு விட்ட கடையில் ஒவ்வொரு முறையும் இரண்டு சக்கரங்களிலும் 50 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) வரை காற்றை ஏற்றி, டயரைக் கல்லைப் போல ஆக்கித்தான் கொடுக்கிறார்கள். குறைவாக வையுங்கள் என்று கேட்டாலும், பஞ்சராகிவிடும் என்ற ஒரே பதில்தான் வருகிறது. தார்ச்சாலையில் அது சரியாக இருக்கலாம். வேர்மேல் ஏறும்போதோ, இறுகிய டயர் வேரைத் தழுவாமல் துள்ளுகிறது. துள்ளிய கணத்தில் தரையோடு பிடிமானம் இல்லாததால், முன்சக்கரம் வேரின் சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வழுக்கிப் போகிறது. காற்றைக் குறைத்தால் அதே டயர் வேரின்மேல் அமுங்கி, அதன் வடிவத்துக்கு வளைந்துகொடுத்து, இருபுறமும் மண்ணைப் பற்றிக்கொள்கிறது.

என் எடை 70 கிலோ, டயரின் அகலம் 2.25 அங்குலம். இப்போது முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ. வைத்திருக்கிறேன். உடல் எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில் இறங்குவதால் அங்கே சற்றுக் கூடுதலாக வேண்டும். ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: என் சக்கரங்களுக்குள் டியூப் இருக்கிறது. டியூப் இருக்கும்போது அளவுக்கு மீறிக் குறைத்தால், வேரில் இடிக்கும் வேகத்தில் டியூப் ரிம்முக்கும் வேருக்கும் நடுவில் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டைகள் விழுந்துவிடும். டியூப் இல்லாத டயர்காரர்கள் இன்னும் சற்று இறங்கலாம். யாராக இருந்தாலும், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவைப் படித்துவிட்டுக் குறையுங்கள். என் டயரில் அது 25.

காற்றுமானி வாங்கும்போது, 160 வரை காட்டும் முள்மானியைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அதில் 25-க்கும் 28-க்கும் இடையே முள் நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. 60 வரை மட்டும் காட்டுவது போதும். வால்வைப் பற்றியும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்: என் சைக்கிளில் இருப்பது கார் டயரில் வரும் அதே வால்வு. உங்களுடையது மெல்லிய, நுனியில் திருகு உள்ள வகையென்றால் அதற்குப் பொருந்தும் வாய் உள்ள மானியாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி ஓட்டும் முறைக்கு வருகிறேன். பிரேக் பிடிப்பதை வேருக்கு முன்பே, மண்ணில் வைத்தே முடித்துவிட வேண்டும். வேரின்மேல் சக்கரம் தடையின்றி உருண்டுகொண்டிருக்க வேண்டும். சீட்டைத் தாழ்த்தி, இரண்டு பெடல்களும் தரைக்கு இணையாக இருக்க எழுந்து நின்று, எடையைப் பாதங்களில் வைத்து, முழங்கைகளை அகல விரித்துக் கைகளைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெடல் கீழே தொங்கினால் அது வேரில் இடித்து ஆளைத் தூக்கி எறிந்துவிடும். பாதைக்குக் குறுக்கே நேராகக் கிடக்கும் வேரைவிடச் சாய்வாகக் கிடக்கும் வேர்தான் ஆபத்தானது. ஆகவே, எங்கெல்லாம் இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் வழியைச் சற்றே திருப்பி, வேரைச் செங்குத்தாகச் சந்திக்குமாறு வாருங்கள். தொடும் கணத்தில் ஹேண்டில்பாரை லேசாக மேலே இழுத்து முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்துவிடுங்கள். பார்வை எப்போதும் அடுத்த வேரில் இருக்கட்டும்.

முன் சஸ்பென்ஷனை மாற்றினால்தான் இந்தப் பாதைகளில் ஓட்ட முடியும் என்று புதியவர்களிடம் சொல்லிப் பல ஆயிரம் ரூபாய் செலவழிக்க வைப்பது எனக்குச் சற்றும் பிடிக்காத பழக்கம். 480 ரூபாயில் கிடைக்கும் வித்தியாசத்தை முதலில் அனுபவியுங்கள், சஸ்பென்ஷனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் இன்று ஓட்டியது காய்ந்த வேரில். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், பட்டை தேய்ந்து வழவழப்பான இதே வேர்களில் பிடிமானம் என்பதே இருக்காது. மழை பெய்த மறுநாளும் பாதைக்குள் இறங்க மாட்டேன், ஏனென்றால் ஊறிய செம்மண்ணில் சக்கரம் பள்ளம் பறித்தால் அடுத்த மழை அந்தப் பள்ளம் வழியாகவே மண்ணை இழுத்துக்கொண்டு போகும். இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு, ஈரம் சற்றே மிச்சமிருக்கும் வேர்களில் 25 போதுமா என்று ஓட்டிப் பார்த்து அடுத்த காணொளியில் சொல்கிறேன்.