பென்சிலால் எழுதிய ஒரு மனு

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்க அரசாங்கத்தின் அடிப்படைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். வெள்ளை மாளிகையில் தொடங்குவதுதான் வழக்கம். நான் ஒரு சிறைக் கைதியிடமிருந்து தொடங்குகிறேன்.

1961-ஆம் ஆண்டு. புளோரிடா மாநிலத்தில் பனாமா சிட்டி என்று ஓர் ஊர். அங்கே ஒரு பில்லியர்ட்ஸ் கடைக்குள் யாரோ புகுந்து சில்லறைக் காசையும் கொஞ்சம் மதுவையும் எடுத்துப் போய்விட்டார்கள். கிளாரன்ஸ் எர்ல் கிடியன் என்பவரைப் பிடித்து நிறுத்தினார்கள். ஐம்பது வயது, கையில் பணம் கிடையாது, ஏற்கெனவே சிறைக்குப் போய் வந்தவர். "எனக்கு ஒரு வக்கீல் வைத்துக் கொடுங்கள்" என்று நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளுக்குத்தான் இந்த மாநிலத்தில் அரசு செலவில் வக்கீல் என்று பதில் வந்தது. தெரிந்த மட்டும் தானே வாதாடினார். ஐந்தாண்டு சிறை.

சிறைக்குள் உட்கார்ந்து, அங்கே கொடுக்கும் கோடு போட்ட தாளில், பென்சிலால், எழுத்துப் பிழைகளோடு ஒரு மனு எழுதி வாஷிங்டனில் இருக்கும் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அதை அவர்கள் விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு பென்சில் மனுவுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? அதைப் பார்க்க நாம் பிலடெல்பியாவுக்குப் போக வேண்டும்.

1776 ஜூலை 4-ஆம் தேதி அங்கேதான் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறியது. மனிதர்கள் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், ஆளப்படுபவர்களின் சம்மதத்திலிருந்துதான் அரசுக்கு அதிகாரம் பிறக்கிறது என்றார்கள். பிரிட்டிஷ் ராஜாவிடம் பட்டவர்கள் அல்லவா? அதனால் முதலில் அமைத்த மத்திய அரசுக்கு வரி போடும் உரிமைகூடத் தரவில்லை. அந்த அரசு நடக்கவே திணறியது. 1786-இல் மாசசூசெட்ஸில் கடன்பட்ட விவசாயிகள் ஆயுதம் எடுத்தபோது, மத்திய அரசால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதிகாரம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்று புரிந்தது.

சரி, என்ன செய்வது? 1787 மே மாதம் 55 பேர் பிலடெல்பியாவில் கூடினார்கள். சுதந்திரப் போரை நடத்திய தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் தலைமை. வாசலில் காவல், உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது. நான்கு மாதம் வாதாடி, செப்டம்பர் 17-ஆம் தேதி புதிய அரசியல் சாசனத்தில் 39 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சாசனத்தின் அடியில் ஓடும் எண்ணத்தை, அந்த 55 பேரில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் மறு ஆண்டு விளக்கி எழுதினார்: ஆள வருகிறவர்கள் தேவதைகள் அல்ல, மனிதர்கள், எனவே ஒருவருடைய பதவி ஆசையை இன்னொருவருடைய பதவி ஆசையால் தடுத்து நிறுத்த வேண்டும். பாலுக்குப் பூனையைக் காவல் வைக்காதே என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொன்னதுதான்.

அதனால் சட்டம் இயற்றுவது ஓரிடம், நிறைவேற்றுவது ஓரிடம், தீர்ப்பு சொல்வது ஓரிடம். பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு ஆண்டு, அதிபருக்கு நான்கு, செனட்டருக்கு ஆறு. கூட்டாட்சி நீதிபதிகளுக்கு ஓய்வு வயதே கிடையாது. எல்லாரையும் ஒரே அலையில் வாரிக்கொண்டு போக முடியாதபடி வைத்த ஏற்பாடு இது.

இது நடைமுறையில் எப்படி வேலை செய்யும்? 1952, கொரியப் போர் நடக்கிறது. எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று அதிபர் ட்ரூமன் ஆலைகளையே அரசு வசம் எடுத்துக்கொள்ள உத்தரவு போட்டார். இரண்டு மாதத்துக்குள், சட்டம் தராத அதிகாரம் உங்களுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. ட்ரூமனே நியமித்த நீதிபதிகள் நால்வரில் இரண்டு பேர் அவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார்கள். முப்படைத் தளபதியான அதிபர் மறுபேச்சில்லாமல் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு இது சுதந்திரப் போரின் எந்த வெற்றிக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றை மறைத்துவிட்டுப் பேசினால் அது நேர்மை ஆகாது. மனிதர்கள் சமம் என்ற அந்தச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன், தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். 1787-இன் சாசனத்தில் அடிமை என்ற சொல்லே இல்லை. "மற்றவர்கள்" என்று நாசூக்காக எழுதி, தொகுதிக் கணக்கில் அவர்களை ஐந்தில் மூன்று பங்காக எண்ணினார்கள். ஒரு மனிதனை முக்கால் கூட இல்லாமல் எண்ணிய கணக்கு! அதை அழிக்க உள்நாட்டுப் போரே வேண்டியிருந்தது. 1865-இல் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-இல் 14-ஆம் திருத்தம், சட்டத்தின் முறையான நடைமுறை இல்லாமல் எந்த மாநிலமும் ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்றது.

இந்த இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வக்கீல் உதவி பெறும் உரிமை 1791-இலேயே 6-ஆம் திருத்தமாக வந்துவிட்டது. ஆனால் அது கட்டுப்படுத்தியது மத்திய அரசை மட்டும்தான், புளோரிடாவை அல்ல. மாநிலங்களின் கையைக் கட்டியது, விடுதலையான கறுப்பின மக்களுக்காக வந்த அந்த 14-ஆம் திருத்தம். வெள்ளைக்காரரான கிடியன் பற்றிக்கொண்டதும் அதைத்தான்.

1942-இல் இதே போன்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவிரித்திருந்தது. அன்றைக்கு மாறுபட்டுத் தீர்ப்பு எழுதியவர் ஹியூகோ பிளாக். 1963 மார்ச் 18-ஆம் தேதி கிடியன் வழக்கில் ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, நீதிமன்றத்தின் சார்பில் அதை எழுதியவரும் அதே பிளாக்தான். கடும் குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு மாநில அரசு வக்கீல் தந்தே ஆக வேண்டும்.

அப்புறம் ஆகஸ்டில் பனாமா சிட்டியில் மறு விசாரணை. அதே நீதிபதி. அதே முக்கிய சாட்சி. இந்த முறை கிடியனுக்குப் பக்கத்தில் உள்ளூர் வக்கீல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாட்சியை எழுப்பிக் குறுக்கு விசாரணை செய்தார். ஜூரிகள் உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள்.

குற்றவாளி இல்லை என்றார்கள்.