பாட்டிக்குத் தைக்கும் போர்வை: பழைய சேலையின் பக்கம்

நடுவர் அவர்களே, அவையோர்களே, வணக்கம். பாட்டிக்குக் கையால் தைத்துக் கொடுக்கும் போர்வைக்கு ஏற்றது புதுத்துணியா, பழைய சேலையா? இதுதான் தலைப்பு. எதிரணியினர் புதுத்துணி எடுத்து, நடுவில் ஃபைபர் பஞ்சு வைத்துத் தைத்தால் எடுப்பாக இருக்கும் என்றார்கள். இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதைப் போர்த்திக்கொள்ளப் போவது எண்பது வயது உடம்பு, நடுவர் அவர்களே!

புதுத்துணியில் கஞ்சி விறைப்பு இருக்கும்; முதல் சலவையில் சுருங்கும். மேலே உள்ள துணி சுருங்கி, உள்ளே உள்ள ஃபைபர் சுருங்காவிட்டால் தையல் நெடுகக் கொசுவிக்கொள்ளும். பல வருடம் துவைத்த நூல்சேலைக்கு இந்தத் தொல்லையே இல்லை. வங்காளத்துக் கந்தா, வட கர்நாடகத்துக் கவுதி என்னும் கைத்தையல் போர்வைகள் பழந்துணி அடுக்கிலேயே பிறந்தவை. கந்தாவுக்குத் தையல் நூலைக்கூடச் சேலைக்கரையிலிருந்து உருவி எடுத்தார்கள்.

"பழசு கிழிந்துவிடுமே" என்றார் எதிரணித் தலைவர். நியாயமான கேள்வி. ஆனால் சேலை எங்கும் ஒரே மாதிரி நைவதில்லை. வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். கொசுவம் செருகும் இடமும் காலில் உரசும் கீழ்க்கரையும் மெலிந்து தெரியும். இரு கையால் இழுத்தால் இழை விலகுகிறதா, வெட்டி எறியுங்கள். லேசாக நைந்தது நடு அடுக்குக்குப் போகட்டும். ஜரிகை வேண்டாம், மெலிந்த தோலைக் கீறும். பாலியஸ்டர் கலப்பும் வேண்டாம், வியர்வையை உறிஞ்சாது. அரக்கு, கருநீலச் சேலையென்றால் ஈரமான வெள்ளைத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது கணக்கு. ஐந்தரை மீட்டர் சேலையில் 2 மீட்டர் துண்டுகள் இரண்டு. அகலம் 45 அங்குலம்தான். புரண்டு படுக்க 60 வேண்டும். மீதமுள்ள ஒன்றரை மீட்டரை 15 அங்குலப் பட்டைகளாக மூன்று கிழித்து, நீளவாக்கில் இணைத்து ஓரத்தில் சேர்த்தால் இரண்டு அடுக்கும் நிறைந்துவிடும். இரண்டு சேலையில் நான்கு அடுக்கு. நம்மூர்க் குளிருக்கு அது போதும்; அதற்குமேல் போனால் வயதான காலுக்குக் கனம். ஒன்று கவனியுங்கள்: எல்லா அடுக்கின் மூட்டும் ஒரே இடத்தில் விழுந்தால் தடித்து, படுக்கும்போது உறுத்தும். ஓர் அடுக்கில் இடப்பக்கம் வைத்தால், அடுத்ததில் வலப்பக்கம் வையுங்கள்.

தரையில் விரித்து, சுருக்கம் நீவி, ஒரு சாண் இடைவெளியில் பெரிய தையலாக முதலில் நூலோட்டிவிட வேண்டும். இதைத் தவிர்த்தவர்களின் போர்வைதான் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாகிறது. பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, விரற்கடை இடைவெளியில், ஊசியை மேலும் கீழுமாக விட்டு எடுக்கும் ஓட்டுத்தையல். நூல் ஒரு முழத்துக்கு மேல் நீண்டால் சிக்கும். நூலை இறுக்கி இழுத்து முடிச்சிட்டால் துணி சுருங்கும். முடிச்சை அடுக்குக்குள் புதைத்துவிடுங்கள்.

மெஷினில் ஒரே நாளில் முடியும் என்றார்கள். நைந்த துணியில் மெஷின் ஊசி நெருக்கிக் குத்தும். கோடு பிடித்தாற்போல் அங்கேயே கிழியும். கைத்தையலில் ஒரு வரிசை அறுந்தால் அந்த வரிசையை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும்.

தாத்தாவுக்கென்றால் நைந்த 8 முழ வேட்டியை இரண்டாக மடித்து நடு அடுக்கில் கொடுக்கலாம். ஆனால், நடுவர் அவர்களே, பாட்டி பெட்டியில் தனியே மடித்து வைத்திருக்கும் சேலையை மட்டும், அவரைக் கேட்காமல் யாரும் கத்தரிக்கோலால் தொடக்கூடாது. நன்றி, வணக்கம்.