ஏன் எட்டு? கிளவுட் டிசைனும் அதைச் சோதிக்கும் தேர்வுகளும்

[திரை: வெள்ளைப் பலகை. நடுவில் 8 என்ற எண் மட்டும்.]

வணக்கம். ஒரு அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று நிபுணர்கள், இந்தப் பக்கம் நீங்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து நீங்கள் எழுதிய டிசைன் ஆவணத்தை அவர்கள் வரிவிடாமல் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். முதல் கேள்வி இதுதான்: "கிளஸ்டரில் 8 ஹோஸ்ட் போட்டிருக்கிறீர்கள். ஏன் எட்டு?"

ஹோஸ்ட் என்றால் ஒரு சர்வர், சேர்ந்து இயங்கும் ஹோஸ்ட்களின் கூட்டம் கிளஸ்டர். "நாங்கள் எப்போதும் எட்டுதான் போடுவோம்" என்றால் அங்கேயே சறுக்கிவிடுவீர்கள். "விற்க வந்தவர் அப்படித்தான் சொன்னார்" என்றாலும் அதே கதிதான்.

விஎம்வேர் நிறுவனத்தின் விசிடிஎக்ஸ் என்ற டிசைன் நிபுணர் சான்றிதழ் இப்படிப்பட்ட நேர்முக விவாதத்தால்தான் பேர் வாங்கியது. நியூட்டானிக்ஸின் என்பிஎக்ஸும் அதே வழியில் வந்தது. இன்றைக்கு அந்த ஒற்றைக் கேள்விக்குப் பதில் தேடிப் போகலாம். போகிற வழியில் விர்ச்சுவலைசேஷன் டிசைன் என்றால் என்ன, இந்தச் சான்றிதழ்கள் எதைச் சோதிக்கின்றன என்று இரண்டும் புரிந்துவிடும்.

[திரை: ஒரு சர்வர் படம், அதன் உள்ளே சின்னச் சின்னப் பெட்டிகள்.]

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். ஒரு சர்வரின் வன்பொருளைப் பல விர்ச்சுவல் மெஷின்களுக்கு (சுருக்கமாக விஎம், மென்பொருளால் ஆன கணினிகள்) பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். யோசனை பழையது: ஐபிஎம் 1972-லேயே மெயின்ஃபிரேமுக்கு விஎம்/370 கொடுத்தது. சாதாரண எக்ஸ்86 சர்வருக்கு 2001-ல் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமலே இன்னொரு சர்வருக்கு நகர்த்தும் விமோஷன் 2003-ல் வந்தது. டிசைன் என்ற வேலைக்கே அங்கேதான் கனம் கூடியது என்பேன். விஎம் நகரலாம் என்றான பிறகு, எங்கே நகரலாம், எங்கே நகரக் கூடாது, நகர இடம் இருக்கிறதா என்று யாராவது முன்கூட்டியே யோசித்து வைத்தாக வேண்டுமே.

[திரை: நான்கு சொற்கள்: தேவை, கட்டுப்பாடு, அனுமானம், இடர்.]

டிசைன் ஆவணத்தின் முதல் பக்கங்களில் இந்த நான்கும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்பது தேவை. நம்மால் மாற்ற முடியாதது கட்டுப்பாடு. சரிபார்க்காமல் உண்மை என்று எடுத்துக்கொண்டது அனுமானம். அந்த அனுமானம் பொய்த்தால் வருவது இடர்.

கேட்க எளிது. எழுத உட்கார்ந்தால்தான் குழப்பம் தெரியும். "ஃபைபர் சேனல் ஸ்டோரேஜ் வேண்டும்" (சர்வர்களோடு தனி நெட்வொர்க்கில் இணையும் ஸ்டோரேஜ் அது) என்று வாடிக்கையாளர் சொன்னால் பலரும் அதைத் தேவை என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்றால் அது கட்டுப்பாடு. உண்மையான தேவை அதற்கும் பின்னால் இருக்கிறது: "ஆர்டர் பதிவு 2 நொடிக்குள் முடிய வேண்டும்" என்பது போல. அந்த வாக்கியத்தை அவர்கள் வாயிலிருந்து வரவழைப்பதுதான் டிசைனரின் முதல் வேலை.

[திரை: மீண்டும் 8. கீழே கணக்கு ஒவ்வொரு வரியாகத் தோன்றுகிறது.]

சரி, எட்டுக்கு வருவோம். 400 விஎம். ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 2 விசிபியு (விஎம்முக்குக் கொடுக்கும் மெய்நிகர் செயலி), 8 ஜிபி நினைவகம். மொத்தம் 800 விசிபியு, 3,200 ஜிபி. நம் ஹோஸ்ட் ஒவ்வொன்றிலும் 32 கோர் (உண்மையான செயலி அலகுகள்), 512 ஜிபி.

ஒரு கோருக்கு 4 விசிபியு என்று வைத்தால் ஒரு ஹோஸ்ட் 128 விசிபியுவைத் தாங்கும். 800-ஐ 128-ஆல் வகுத்தால் 6.25. நினைவகத்தில் 3,200-ஐ 512-ஆல் வகுத்தாலும் 6.25. ஆக 7 ஹோஸ்ட். ஒன்று விழுந்தாலும் சமாளிக்க இன்னொன்று சேர்த்தால் 8. "N கூட்டல் ஒன்று" என்று சொல்வார்களே, அதுதான் இது.

பதில் கிடைத்துவிட்டது என்று தோன்றும். எதிரே இருப்பவர் விடமாட்டார். "பேட்ச் போடுவதற்காக ஒரு ஹோஸ்டைப் பராமரிப்பில் வைத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் இன்னொன்று விழுகிறது. இப்போது?"

மீதம் 6. சிபியு பக்கம் 192 கோர், 800 விசிபியு. ஒரு கோருக்கு 4.17. கொஞ்சம் நெருக்கடிதான், ஆனாலும் ஓடும். நினைவகம்? ஆறு ஐந்நூற்றுப் பன்னிரண்டு 3,072 ஜிபி. நமக்கு வேண்டியது 3,200. 128 ஜிபி துண்டு விழுகிறது. ஹைப்பர்வைசருக்கே தேவைப்படும் நினைவகத்தை நான் இன்னும் கழிக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். சிபியுவை நேரத்தால் பங்கிடலாம்: உனக்குச் சில மில்லி நொடி, எனக்குச் சில மில்லி நொடி. நினைவகம் அப்படிக் கைமாறிக்கொண்டே இருக்காது. ஒரு விஎம் பிடித்து வைத்திருக்கும் நினைவகத் துண்டை இன்னொன்றுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் பலூனிங் (விஎம்மிடமிருந்து நினைவகத்தைத் திரும்ப வாங்கும் உத்தி), அதுவும் போதாவிட்டால் ஸ்வாப், அதாவது நினைவகத்தில் இருப்பதை டிஸ்குக்குத் தள்ளுவது. ஸ்வாப் தொடங்கிவிட்டால் டேட்டாபேஸ் தவழ ஆரம்பிக்கும். அதனால் என் கிளஸ்டர் கணக்குகளில் நினைவகத்தைத்தான் முதலில் போடுவேன்.

அந்தக் கேள்விக்கு இரண்டு நல்ல பதில்கள் உண்டு. ஒன்று: "பராமரிப்பின்போதும் ஒரு விபத்தைத் தாங்க வேண்டும் என்பது தேவைப் பட்டியலில் இருக்கிறது, ஆகவே 9." மற்றது: "ரேக்கில் 8-க்குத்தான் மின்சாரம் உண்டு, அது கட்டுப்பாடு. 400-ல் 60 விஎம்கள் பரிசோதனைக்கானவை. நெருக்கடி வந்தால் அவற்றை அணைப்போம். 480 ஜிபி விடுபடும். மீதி 2,720 ஜிபி, 6 ஹோஸ்டில் அடங்கும். இந்த இடரை வாடிக்கையாளர் எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்." இரண்டாவது பதிலைச் சொல்பவர் மேல் எனக்குத் தனி மரியாதை. தான் எதை விட்டுக்கொடுத்தோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

[திரை: இரண்டு டிஎன்எஸ் பெட்டிகள், இரண்டும் ஒரே ஹோஸ்டுக்குள்.]

நானே அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இடத்தில், பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர்கள் இரண்டு, இரண்டுமே விஎம். "ரெண்டு இருக்கே, கவலை இல்லை" என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். பாரத்தைச் சமன்படுத்தும் தானியங்கி அம்சம் ஒருநாள் இரண்டையும் ஒரே ஹோஸ்டுக்குக் கொண்டுபோனது. அதன் கண்ணுக்கு அது சரியான முடிவுதான். யாரும் அதற்குத் தடை சொல்லவில்லையே. அன்றிரவு அந்த ஹோஸ்டின் மதர்போர்டு போய்விட்டது. விழுந்த விஎம்களைத் தானாக மறுபடி தொடங்கும் ஹெச்ஏ அம்சம் இரண்டு விஎம்களையும் வேறு ஹோஸ்டில் எழுப்பியது உண்மை. ஆனால் இடைப்பட்ட நிமிடங்களில் பெயரை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாமல் அறுந்துபோன பயன்பாடுகள் தாமாக மீளவில்லை. விடியும் வரை ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்தோம். இந்த இரண்டும் ஒரே ஹோஸ்டில் இருக்கக் கூடாது என்று ஒரே ஒரு விலக்கு விதி போட்டிருந்தால் போதும். டிசைன் ஆவணத்தில் அந்த வரி இல்லை.

[திரை: 99.99%]

வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் எண் இது. ஆண்டுக்கு ஏறக்குறைய 52 நிமிடம்தான் நின்றுபோகலாம் என்று பொருள். சர்வர், நெட்வொர்க், ஸ்டோரேஜ் மூன்றும் தனித்தனியே 99.99 என்று வையுங்கள். பயன்பாடு ஓட மூன்றுமே வேண்டும் என்பதால் மூன்றையும் பெருக்க வேண்டும். வருவது 99.97. ஆண்டுக்கு 2 மணி 38 நிமிடம். உறுதிமொழி கையெழுத்தாவதற்கு முன் இந்தப் பெருக்கலை யாராவது போட்டே ஆக வேண்டும்.

இதோடு சேர்ந்து வருவது ஆர்பிஓ, அதாவது எவ்வளவு தரவு போனால் பொறுத்துக்கொள்வீர்கள் என்பது. "பூஜ்யம்" என்பார்கள். பூஜ்யம் வேண்டுமென்றால் ஸ்டோரேஜில் எழுதும் ஒவ்வொரு பதிவும் இரண்டாம் தளத்திலும் (வேறு இடத்தில் உள்ள டேட்டா சென்டர்) எழுதி முடிந்த பிறகே முடிந்ததாகக் கணக்கு. ஃபைபருக்குள் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 100 கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்வர 1 மில்லி நொடி. இரண்டாம் தளம் 800 கிலோமீட்டரில் இருந்தால் ஒவ்வொரு பதிவும் குறைந்தது 8 மில்லி நொடி கூடுதலாகக் காத்திருக்கும். எவ்வளவு பணம் கொட்டினாலும் இது குறையாது. "தரவு துளியும் போகக் கூடாது", "வேகமும் குறையக் கூடாது", "தளம் தூரத்தில் இருக்க வேண்டும்" என்று மூன்றையும் ஒரே ஆவணத்தில் பார்த்தால், அந்தக் கூட்டத்திலேயே கையைத் தூக்குங்கள்.

[திரை: மூன்று மண்டலங்கள் கொண்ட கிளவுட் படம்.]

"எல்லாம் பொது கிளவுடுக்குப் போய்விட்டதே, ஹோஸ்ட் கணக்கு எதற்கு?" என்று கேட்கலாம். கணக்கு அப்படியே இருக்கிறது, பெயர்தான் மாறுகிறது. ஹோஸ்ட் இருந்த இடத்தில் மண்டலம், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த டேட்டா சென்டர். இரண்டு மண்டலத்தில் ஓட்டி, ஒன்று விழுந்தாலும் முழுப் பாரத்தைத் தாங்க வேண்டுமென்றால் தேவையைப் போல 200% வாங்க வேண்டும். மூன்று மண்டலம் என்றால் ஒவ்வொன்றிலும் பாதி, ஆக 150% போதும். "விழுந்த பிறகு ஆட்டோ ஸ்கேலிங் பார்த்துக்கொள்ளும்" (தேவைக்கேற்பத் தானாகச் சர்வர் கூட்டும் வசதி) என்றும் சிலர் சொல்வார்கள். ஒரு மண்டலமே விழும்போது உங்களைப் போலவே எல்லோரும் மற்ற மண்டலங்களில் இடம் கேட்டு ஓடிவருவார்கள். இடம் கிடைக்கும் என்பது அங்கே ஓர் அனுமானம். அனுமானப் பட்டியலில் எழுதுங்கள்.

[திரை: தேர்வு அறை.]

இப்போது சான்றிதழ்கள். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்-இன் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் புரொஃபஷனல் தேர்வில் 180 நிமிடத்தில் 75 கேள்விகள், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. கூகுளின் புரொஃபஷனல் கிளவுட் ஆர்க்கிடெக்ட் தேர்வு கற்பனை நிறுவனங்களின் நிலைமையைக் கொடுத்து அதையொட்டியும் கேட்கும். மைக்ரோசாஃப்டின் அஷூர் பக்கம் ஏஇசட்-305. இவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். நான்கு விடைகளும் வேலை செய்யும், செலவு குறைந்தது எது என்று கேட்கும்போது உண்மையிலேயே யோசிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் அங்கே தேவையை வேறொருவர் சுத்தமாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

சிஸ்கோவின் நெட்வொர்க் டிசைன் சான்றிதழான சிசிடிஇ அடுத்த படி. அதன் செய்முறைத் தேர்வு 8 மணி நேரம். கதை போகப் போகப் புதுத் தகவல் வரும், முன்பு எடுத்த முடிவோடு நீங்கள் வாழ வேண்டியிருக்கும்.

நேர்முக விவாதம் இருக்கும் தேர்வுகள் இன்னொரு வகை. ஆவணம் உங்களுடையது, முடிவுகள் உங்களுடையவை, மறைந்துகொள்ள இடமில்லை. அதனால்தான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தத் தேர்வை எழுதப் போகாவிட்டாலும் அதற்குத் தயாராவது போலவே ஒரு டிசைன் செய்யுங்கள். உங்கள் வேலையை அடியோடு மாற்றும் பயிற்சி அது.

[திரை: அட்டவணை. முடிவு, காரணம், கைவிட்ட வழி, தேவை எண்.]

அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். இந்த அட்டவணையின் நான்கு நெடுவரிசைகள்தான். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வரி. கடைசி நெடுவரிசையில் தேவையின் எண்ணை எழுத முடியவில்லை என்றால், அந்த முடிவு ஆவணத்துக்குள் எப்படி வந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் பழைய ஆவணம் ஒன்றிலிருந்து ஒட்டியதாக இருக்கும்.

பிறகு, உங்கள் தொழில்நுட்பத்தை ஓரளவு தெரிந்த, உங்கள் தயவு தேவைப்படாத ஒருவரை உட்கார வையுங்கள். பக்கத்துக்குப் பக்கம் "ஏன்?" என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலுக்குப் பதில் இன்னொரு "ஏன்?" கேட்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று விளக்கிப் பழகுங்கள். "வழக்கமாக இப்படித்தான் செய்வோம்" என்று உங்கள் வாயில் வரும் பக்கங்களில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மறுநாள் திருத்த உட்காரும்போது அந்தப் பக்கங்களில் தொடங்குங்கள்.