பிள்ளைகளின் பெயரை யாரிடம் கொடுக்கிறோம்?

அவையில் இருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. அன்றிலிருந்து ஆசிரியர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே கேள்விதான்: பிள்ளைகள் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்க ஒரு கருவியை வெளியிட்ட, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இப்படிப்பட்ட கருவியை மட்டும் நம்பி எந்தப் பிள்ளையையும் காப்பியடித்தான் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பேச்சை இதோடு விடுகிறேன். எனக்குப் பெரிய கவலை நம்மைப் பற்றித்தான்.

மாலையில் களைத்துப்போய் உட்கார்ந்த ஓர் ஆசிரியை கைபேசியில் சாட்ஜிபிடியைத் திறந்து தட்டுகிறார்: ‘ஏழாம் வகுப்பு மாணவி, பெயர் இது, அப்பா இல்லை, வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறாள், கணக்கில் பின்தங்கியிருக்கிறாள், அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடு.’ கடிதம் அழகாக வருகிறது. நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாத விஷயம், எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் சர்வருக்குப் போய்விட்டது. பெயரையும் நோயையும் எடுத்துவிட்டு ‘ஒரு மாணவி’ என்று கேட்டிருந்தாலும் கணக்கைப் பற்றி அதே கடிதம் வந்திருக்கும்.

அப்புறம் ரீல்ஸ். வாய்ப்பாடு தெரியாமல் விழிக்கும் பையனை வகுப்பிலேயே படம்பிடித்து, இசை சேர்த்துப் போடுகிறோம். ஊரே பார்த்துச் சிரிக்கிறது. அன்பாகத்தானே போட்டோம் என்கிறோம். அந்தப் பையன் நாளைக்குக் கல்லூரிக்குப் போவான், வேலை கேட்டுப் போவான். தன்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே நாம் உலகத்துக்குச் சொல்லி முடித்துவிட்டோம். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

அரசுச் செயலியில் ஏற்றினால் பத்திரம்தானே என்பீர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பயன்படுத்திய தீக்ஷா கல்விச் செயலி நினைவிருக்கிறதா? 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் பாதுகாப்பில்லாத ஒரு சர்வரில் திறந்து கிடந்தது 2023 ஜனவரியில் செய்தியானது. மாணவர் விவரங்களும் அதில் இருந்தன.

அதே ஆண்டு நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சரி, ஒப்புதலை நாம் எப்படி வாங்குகிறோம்? மாணவர்களுக்கான அடையாள எண்ணான அபார் எண்ணுக்குரிய படிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூலி வேலைக்குக் கிளம்பிய அம்மா வாசலில் நிற்கிறார். ‘இங்கே ஒரு கையெழுத்து’ என்று விரலால் காட்டுகிறோம். ஆதாரைக் கொண்டு உருவாகும் அந்த 12 இலக்க எண் பிள்ளையின் படிப்பு முழுக்கக் கூடவே வரப்போகிறது. படிவத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம், கொடுத்த ஒப்புதலைப் பின்னால் திரும்பப் பெறலாம் என்பதையும் சொல்லுங்கள். மறுத்துவிட்டார் என்பதற்காக அந்தப் பிள்ளையின் சேர்க்கையோ தேர்வோ நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியர்கள்.